திரும்பிப் போகும் வழி

வீட்டுச் சுவரிலுள்ள ஒரு பிளக் பாயிண்ட் திடீரென்று வேலை செய்யாமல் நின்றுவிட்டால், அதில் செருகியிருந்த சாமானை முதலில் சந்தேகிப்பதும், பிறகு சுவிட்சைச் சந்தேகிப்பதும், கடைசியில் டெஸ்டரை எடுத்துத் துளையில் வைத்து, அது ஒளிர்ந்தால் கரண்ட் இருக்கிறதென்றும் ஒளிராவிட்டால் இல்லையென்றும் தீர்ப்புச் சொல்லிவிடுவதும் நம் குடும்பங்களில் சர்வ சாதாரணமாக நடக்கும் காரியங்கள். அந்தத் தீர்ப்பு பாதி உண்மையை மட்டுமே ஆதாரமாகக் கொண்டது என்பதையும், பழுதும் அபாயமும் பல சமயம் மறு பாதியிலேயே இருக்கின்றன என்பதையும் எனக்கு விளங்கவைத்தவர், எங்கள் தெருவில் நெடுங்காலம் தொழில் செய்துவந்த முதிய ஒயர்மேன் ஒருவர்.

ஓர் ஐப்பசி அடைமழையின்போது எங்கள் சமையலறை மிக்ஸி ஓடாமற்போயிற்று. என் தம்பி டெஸ்டரை வைத்துப் பார்த்தான், நன்றாக ஒளிர்ந்தது, ஆகவே குற்றம் மிக்ஸியினுடையதே என்று நிச்சயித்து அதைப் பழுதுபார்க்கும் கடைக்கு எடுத்துச் சென்றான். கடையில் அது தடையின்றி ஓடவே, அன்று மாலை பெரியவரை அழைத்து வந்தோம். அவர் பையைத் திறப்பதற்கு முன்பாகவே, வீட்டில் வேறு எந்தெந்தப் பாயிண்ட் வேலை செய்யவில்லை என்று விசாரித்தார். அதை நாங்கள் யாருமே பார்த்திருக்கவில்லை. பார்த்தபோது, சுவருக்கு அப்பாலிருந்த ஸ்டோர் ரூம் பாயிண்டும் நின்றுபோயிருந்தது. அதில் இஸ்திரிப் பெட்டி செருகப்பட்டு, சுவிட்சும் போட்டபடியே இருந்தது. அதைக் கண்டவர் ஒன்றும் சொல்லாமல், தம் டெஸ்டரை முதலில் கூடத்தில் ஒழுங்காக வேலை செய்யும் ஒரு பாயிண்டில் வைத்துச் சோதித்துக்கொண்டு, பிறகு சமையலறைக்கு வந்து இரண்டு துளைகளிலும் மாறி மாறி வைத்தார். இரண்டிலும் டெஸ்டர் ஒளிர்ந்தது.

நம் நாட்டு முறைப்படி, எதிரே நின்று பார்க்கையில் வலப்பக்கத் துளை ஃபேஸ், இடப்பக்கத் துளை நியூட்ரல், மேலேயுள்ள பெரிய துளை எர்த். நியூட்ரலில் டெஸ்டர் ஒளிரக் கூடாது. பெரியவர் ஸ்டோர் ரூமுக்குப் போய் இஸ்திரிப் பெட்டியின் பிளக்கை உருவிவிட்டு வந்து மறுபடியும் வைத்தார், இடப்பக்கம் அணைந்துபோயிற்று.

"ஏன் ஐயா அப்படி?" என்றான் தம்பி.

"கரண்ட் வர்ற வழியைப் பார்த்தீங்க தம்பி, அது திரும்பிப் போற வழியைப் பார்க்கலையே. நியூட்ரல் எங்கேயோ அறுந்திருக்கு" என்றார்.

ஃபேஸ் வழியாக வரும் 230 வோல்ட் மின்சாரம், சாமானுக்குள் புகுந்து வேலை செய்து, நியூட்ரல் வழியாகத் திரும்பினால்தான் சுற்று பூர்த்தியாகும். திரும்பும் வழி அறுந்த இடத்தில் எந்தச் சாமானும் ஓடாது. ஆனால் மின்னழுத்தம் போய்விடுவதில்லை. அது இஸ்திரிப் பெட்டியின் கம்பிச்சுருள் வழியே கடந்துவந்து, அபாயமற்றது என்று எல்லோரும் நம்பும் நியூட்ரல் கம்பியிலேயே முழு வலுவோடு நின்றுகொண்டிருக்கும். வேலை செய்யாத பாயிண்டுதானே என்று அலட்சியமாக அந்தக் கம்பியைத் தொடுகிறவனுடைய உடம்பே மின்சாரத்துக்குத் திரும்பும் வழியாகிவிடுகிறது என்பதை நினைக்கும்போது இன்றும் எனக்கு நெஞ்சு பதறுகிறது.

டெஸ்டரைக் குறை சொல்லவும் நியாயமில்லை. அதற்குள் இருப்பது சிறியதொரு நியான் குமிழும் பெரிய மின்தடை ஒன்றும்தான். நம் விரலைத் தாண்டி உடல் வழியாகத் தரைக்குச் செல்லும் மிக அற்பமான மின்சாரத்திலேயே அது ஒளிர்ந்துவிடும். அது ஒளிர்வதால் மிக்ஸி ஓடுமளவுக்கு மின்சாரம் பாயும் என்று அர்த்தமில்லை. அவ்வாறே, உலர்ந்த மர ஸ்டூலின்மேல் ரப்பர் செருப்போடு நின்று பகல் வெளிச்சத்தில் பார்க்கிறவனுக்கு அது ஒளிர்வது தெரியாமலே போகலாமாதலால், ஒளிராததையும் அத்தாட்சியாகக் கொள்வதற்கில்லை. தாம் நம்புவதெல்லாம் இரண்டு கம்பிகளுக்கு நடுவே வைக்கும் டெஸ்ட் லாம்பைத்தான் என்பார் பெரியவர்.

பிறகு அவர் மெயினை அணைத்தார். இரண்டு பாயிண்டுகளும் ஒருசேர நின்றிருப்பதால் பழுது அவற்றுக்குப் பொதுவான இடத்தில்தான் இருக்க வேண்டும் என்று அனுமானித்து, சமையலறைப் போர்டைத் திறக்காமலே, நியூட்ரல் கிளை பிரிந்து செல்லும் கூடத்துப் போர்டைக் கழற்றினார். எழுபதுகளில் கட்டிய வீடு, அலுமினிய ஒயரிங். ஒரு திருகு தளர்ந்து, கம்பியின் முனை கருகி உதிர்ந்திருந்தது. அலுமினியம் திருகின் அழுத்தத்தில் நாளடைவில் நசுங்கித் தளரும். காற்றுப்பட்ட இடத்தில் மின்சாரம் எளிதில் கடக்காத படலம் ஒன்று படியும். தளர்ந்த இணைப்பு சூடேறும். சூடு மேலும் தளர்த்தும். 2000 வாட் ஹீட்டர் ஏறக்குறைய 9 ஆம்பியர் இழுக்கும். அதை 6 ஆம்பியர் பாயிண்டில் செருகுகிற வீடுகளில் இந்தச் சேதம் வெகு சீக்கிரத்தில் நேர்ந்துவிடுகிறது.

இங்கே ஒரு தீய வழக்கத்தைச் சொல்லாமல் விடுவது தகாது. நியூட்ரல் அறுந்த இடத்தைத் தேடுவதற்குப் பொறுமையில்லாத சிலர், எர்த் கம்பியையே நியூட்ரலாக இணைத்துவிடுகிறார்கள். சாமான் உடனே ஓடும். வீட்டாரும் சந்தோஷமாகக் கூலி கொடுத்து அனுப்புவார்கள். கோடையில் எர்த்துக் குழி வறண்டோ, கம்பி துருப்பிடித்து அறுந்தோ போனால், அதே எர்த்தோடு இணைந்த ஃபிரிட்ஜ், கிரைண்டர், துவைக்கும் இயந்திரம் எல்லாவற்றின் உலோக உடலிலும் மின்சாரம் ஏறி நிற்கும். இதைப் பற்றிப் பேசும்போது மட்டும் அந்தச் சாந்த சுபாவமுடைய பெரியவரின் குரல் உயரும். எனக்கும் இது குற்றமென்றே படுகிறது. அசிரத்தை என்று மன்னித்துவிட மனம் வரவில்லை.

இதைத் தடுக்கக்கூடியது ஆர்.சி.சி.பி. என்னும் சாதனம். ஃபேஸில் போன மின்சாரமும் நியூட்ரலில் திரும்பிய மின்சாரமும் சமமாக இருக்கின்றனவா என்று அது ஓயாமல் ஒப்பிட்டுக்கொண்டிருக்கும். வீடுகளில் பொருத்துவது வித்தியாசம் 30 மில்லி ஆம்பியரை எட்டுவதற்குள் கண்ணிமைப்பொழுதில் இணைப்பைத் துண்டித்துவிடும். எர்த்தை நியூட்ரலாக்கும் தந்திரம் அதனிடம் பலிக்காது. சாமானைப் போட்டவுடனே அது விழுந்துவிடும். அப்போது, "இது தொல்லை, எடுத்துவிடலாம்" என்று வேலைக்காரர் யாராவது யோசனை சொன்னால் தயவுசெய்து சம்மதிக்காதீர்கள். தகுதிச் சான்று பெற்ற வேறொரு ஒயர்மேனை அழைத்து, நியூட்ரல் எங்கே அறுந்திருக்கிறதென்று தேடிப் பார்க்கச் சொல்லுங்கள்.