ஏழு குழிக்கு ஒரு பயணம்

கோவில்பட்டியில் ரயிலை விட்டு இறங்கியதும் எல்லோரும் செய்வதையே நானும் செய்தேன். கடலை மிட்டாய் வாங்கினேன். 2020-ல் புவிசார் குறியீடு வாங்கின மிட்டாய் சார், சும்மா தாண்டிப் போக முடியுமா? பஸ் கிளம்புவதற்குள் என் மகள் பாதிப் பாக்கெட்டைக் காலி செய்திருந்தாள்.

கி.ரா.வின் இடைசெவல் தாண்டியும் இரண்டு பக்கமும் கரிசல்தான். கோடையில் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். ஐப்பசியில் மழை விழுந்தால் செருப்பைப் பிடுங்கி வைத்துக்கொள்ளும். பருத்தியும் உளுந்தும் வானத்தை நம்பி நிற்கிற பூமி. மழை ஏமாற்றிய வருஷங்களில் எங்கள் ஆச்சி தீப்பெட்டி ஒட்டித்தான் அடுப்பு எரிந்தது.

அந்த ஆச்சியின் சீதனம் ஒரு மடக்குப் பல்லாங்குழி. பதினாலு குழி, குழிக்கு அஞ்சு புளியங்கொட்டை, ஆக 70. நான் பி.காம். ஆச்சி கைநாட்டு. ஆனால் எந்தக் குழியில் எடுத்தால் எங்கே போய் நிற்கும் என்று பார்வையாலேயே சொல்லிவிடுவாள். நாலு சேர்ந்து 'பசு' விழுந்தால் நான் பார்ப்பதற்குள் அவள் மடிக்குப் போயிருக்கும்!

ஆச்சி போனதும் பாகம் பிரித்தார்கள். நிலம், மாடு, குத்துவிளக்கு... கடைசியில் பல்லாங்குழி. கீலைப் பிடுங்கி ஆளுக்கு ஏழு குழி, 35 கொட்டை. ஐந்தொகை பைசா சுத்தமாக டேலி ஆனது. அப்பாவும் சித்தப்பாவும் பேசுவதுதான் நின்றுபோனது. பதினாலு வருஷம்.

போன மாதம் பரணிலிருந்து எங்கள் பாதியை எடுத்த மகள், "மீதி எங்கேப்பா?" என்றாள். உடைந்துபோச்சு என்றேன். "பொய். இதோ ஆணி ஓட்டை இருக்கே!"

சித்தப்பா வாசலில் நின்றோம். என்னைப் பார்த்தார். அவள் கையில் இருந்ததைப் பார்த்தார்.

"வாடே" என்றார். குரல் கொஞ்சம் கம்மியிருந்தது.

அவர்கள் பாதி அடுப்படியிலிருந்து வெந்தய வாசனையோடு வந்தது. சித்தி அதை அஞ்சறைப் பெட்டியாக்கியிருந்தாள்; ரெண்டு அறை கூடுதல்! திண்ணையில் சேர்த்து வைத்தால் ஒரு பக்கம் ஆடியது. சித்தப்பா தீப்பெட்டியை முட்டுக் கொடுத்தார். அவர் பங்கில் ரெண்டு கொட்டை குறைந்தது. மகள் மிட்டாயிலிருந்து கடலை பெயர்த்து வைத்தாள்.

"தாத்தா, ஒரே குழியில ரெண்டு போடுறீங்க!"

"உங்க பூட்டி சொல்லிக் குடுத்தது தாயி."

செல்போன் அடித்தது. அப்பா.

"எங்கடா இருக்க?"

"ஊர்ல... சித்தப்பா வீட்டுத் திண்ணைல. பல்லாங்குழி ஆடிட்டு இருக்காங்க."

ரொம்ப நேரம் சத்தமே இல்லை. லைன் கட்டாகிவிட்டது என்றே நினைத்தேன்.

"யாருடா ஜெயிக்கிறது?" என்றார்.