மதில் சூழ்ந்த கார்த்தஹேனாவில் நான்கு மணித்தியாலங்கள்

தென்னமெரிக்கக் கண்டத்தின் வட கரையில், கரீபியன் கடலைப் பார்த்தபடி அமைந்திருக்கிறது கார்த்தஹேனா. கொலம்பியா நாட்டின் பழம்பெரும் துறைமுகம். ஸ்பெயின் நாட்டிலும் இதே பெயரில் ஒரு நகரம் இருப்பதால், இதனைக் 'கார்த்தஹேனா தெ இந்தியாஸ்' என்று அழைப்பார்கள். இந்தியாவைத் தேடிப் புறப்பட்ட கொலம்பஸ், தான் கண்ட தீவுகளை இந்தியா என்று நம்பியதால் ஒட்டிக்கொண்ட பெயர் அது.

1533ஆம் ஆண்டு பேத்ரோ தெ ஹெரேதியா என்ற ஸ்பானியர் இந்நகரை நிறுவினார். தென்னமெரிக்காவின் பொன்னும் வெள்ளியும் மரகதமும் இங்கே சேர்க்கப்பட்டு, கப்பற் கூட்டங்களாக ஸ்பெயினுக்குப் போயின. செல்வம் இருக்குமிடத்தில் கொள்ளையரும் வருவார்கள் அல்லவா? 1586இல் ஆங்கிலேயரான பிரான்சிஸ் டிரேக் நகரைப் பிடித்து, பெருந்தொகைப் பணம் பெற்ற பின்னரே திரும்பினார். அதன் பிறகுதான் ஊரைச் சுற்றிக் கருங்கோட்டை போல மதில்கள் எழுந்தன. 1984இல் யுனெஸ்கோ இந்நகரை உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது.

உல்லாசக் கப்பல்களில் வருவோருக்கு இங்கே கிடைப்பது பெரும்பாலும் அரை நாள்தான். கப்பல் நிறுவனத்தின் பெரிய பஸ்ஸில் நாற்பது பேரோடு போகலாம். அல்லது ஒரு காரும் வழிகாட்டியும் அமர்த்திக்கொண்டு தனியாகப் போகலாம். கணவர், மகள், நான் என மூவர் இருந்ததால் இரண்டாவது வழியைத் தேர்ந்தோம். தொழுகைக்கு இடம் தேடவும், வேண்டிய இடத்தில் நின்று போகவும் தனி வாகனமே வசதி. இங்கே டாக்ஸிகளுக்கு மீற்றர் கிடையாது. எங்கெங்கே போவது, எத்தனை மணித்தியாலம், எவ்வளவு பணம் என்பதையெல்லாம் ஏறும் முன்பே பேசி முடித்துவிட வேண்டும்.

குன்றும் கோட்டையும்

கப்பல்கள் கட்டப்படும் துறை 'மாங்கா' என்ற தீவில் இருக்கிறது. பெயரைக் கேட்டதும் எங்கள் மகளுக்குச் சிரிப்பு. ஸ்பானிய மொழியில் அதற்குச் சட்டைக்கை என்று பொருளாம். மாங்காவின் தெருக்களில் சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் செல்வந்தர்கள் கட்டிய மாளிகைகள் உண்டு. அவற்றில் ஒன்று குதிரைலாட வளைவுகளும் ஓட்டுப் பூவேலையுமாக, அந்தலூசியாவின் முஸ்லிம் மாளிகைகளை நினைவூட்டும் பாணியில் நிற்கிறது.

முதலில் 'லா போப்பா' குன்றுக்கு ஏறினோம். சுமார் 150 மீற்றர் உயரம். உச்சியில் பழைய கிறிஸ்தவ மடம் ஒன்று இருக்கிறது. அங்கிருந்து பார்த்தால் ஊர் முழுவதும் கைக்குள் அடங்கும்: ஒரு பக்கம் வானளாவும் வெள்ளை மாடிக் கட்டடங்கள், நடுவே ஓட்டுக்கூரைப் பழைய நகர், குன்றின் அடிவாரத்தில் தகரக் கூரை வீடுகள். செல்வமும் வறுமையும் இவ்வளவு நெருக்கமாக அடுத்தடுத்துக் கிடப்பதைச் சுற்றுலாப் பிரசுரங்களில் காணமுடியாது.

அடுத்தது சான் பெலிப்பே கோட்டை. 1657இல் சிறியதாகக் கட்டப்பட்டு, 18ஆம் நூற்றாண்டில் பெரிதாக்கப்பட்டது. சாய்ந்த சுவர்கள்; உள்ளே நெடுஞ்சுரங்கப் பாதைகள். 1741இல் ஆங்கிலத் தளபதி வேர்னன் ஏறத்தாழ 180 கப்பல்களோடு இந்நகரைத் தாக்க வந்தார். எதிர்த்து நின்ற ஸ்பானியத் தளபதி பிளாஸ் தெ லேசோ ஒரு கால், ஒரு கண், ஒரு கையின் பலம் ஆகியவற்றை முந்திய போர்களில் இழந்தவர். வெற்றி நிச்சயம் என்று நம்பி, லேசோ மண்டியிடுவது போன்ற பதக்கங்களை இங்கிலாந்தில் அடித்தும் விட்டார்கள்! கோட்டை விழவில்லை. மஞ்சட் காய்ச்சலும் சேர்ந்து ஆயிரக்கணக்கான படைவீரரைக் கொண்டுபோக, கப்பல்கள் திரும்பிச் சென்றன.

வழிகாட்டி இக்கதையை மிக உற்சாகமாகச் சொன்னார். மகள் இடைமறித்து, "உம்மா, சண்டை பிடித்தவர்களின் பெயரெல்லாம் சொல்கிறார். இந்தக் கல்லைச் சுமந்தது யார் என்று கேளுங்களேன்" என்றாள். கேட்டேன். அவர் சிறிது நேரம் பேசாமலிருந்தார். பின்னர், "ஆபிரிக்கர்கள், அம்மணி. அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்கள். என் பாட்டனாரின் முன்னோரும் அவர்கள்தான்" என்றார். அதன் பிறகு அவர் காட்டிய நகரம் வேறாக இருந்தது.

மதிலுக்குள்ளே

பழைய நகருக்குள் நடந்துதான் போகவேண்டும். மஞ்சள், நீலம், செம்மண் நிறங்களில் வீடுகள். மரத்தாலான மாடி முகப்புகள். அவற்றிலிருந்து தொங்கும் காகிதப்பூக் கொடிகள். தெருவுக்கு மூடிய சுவரைக் காட்டி, உள்ளே நடுமுற்றத்தைத் திறந்து வைத்திருக்கும் வீடுகள் இவை. சில வீடுகளில் மரச் சட்டங்களைக் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னிய சாளரங்களும் உண்டு. காற்று உள்ளே வரும், வெளியார் பார்வை வராது. ஏறத்தாழ எண்ணூறு ஆண்டுகள் முஸ்லிம்கள் வாழ்ந்து ஆண்ட அந்தலூசியாவில் பழகிய கட்டடக் கலை, ஸ்பானியரோடு கடல் கடந்து இங்கே வந்து சேர்ந்தது.

ஆனால் அந்த முஸ்லிம்களையும் யூதர்களையும் விரட்டிய விசாரணை மன்றமும் அதே கப்பல்களில் வந்தது. 1610இல் இங்கே அது நிறுவப்பட்டது. அதன் மாளிகை இன்று அருங்காட்சியகம். பக்கச் சுவரில் சிறு ஜன்னல் ஒன்று இருக்கிறது. அயலவர் மீது இரகசியமாக முறைப்பாடு சொல்ல வைத்த ஜன்னல் அது என்றார்கள்.

வண்டிச் சதுக்கம்

மணிக்கூண்டு வாசலைக் கடந்தவுடன் வருவது வண்டிச் சதுக்கம். நடுவே ஹெரேதியாவின் சிலை. ஓரத்தில் வளைவுகளின் கீழே வரிசையாக இனிப்புக் கடைகள். படம் எடுப்பதற்கு மிக அழகான இடம். சுற்றுலாக் கூட்டங்கள் ஐந்து நிமிடம் நின்று நகர்ந்துவிடுகின்றன. ஆபிரிக்க மக்களை நிறுத்தி வைத்து விற்ற சந்தை இதுதான்.

ஸ்பானிய அமெரிக்காவுக்கு அடிமைகளை இறக்க அனுமதிக்கப்பட்ட மிகச் சில துறைகளில் கார்த்தஹேனா முதன்மையானது. இலட்சத்துக்கும் மேற்பட்டோர் இங்கே கரையிறக்கப்பட்டார்கள். அவர்களில் எம் மார்க்கத்தவரும் இருந்தனர். அலோன்சோ தெ சாந்தோவால் என்ற பாதிரியார் இத்துறைமுகத்தில் பல ஆண்டுகள் இருந்து, வந்திறங்கிய மக்களைப் பற்றி ஒரு நூல் எழுதினார். அது 1627இல் வெளிவந்தது. மேற்கு ஆபிரிக்காவின் மண்டிங்கா, வொலொஃப் போன்ற மக்களிடையே இஸ்லாம் பரவியிருந்ததை, அவர் அதை வெறுத்தவராயினும், குறித்து வைத்திருக்கிறார். தொழுது பழகிய நெற்றிகள் இந்தச் சதுக்கத்து வெயிலில் நின்றிருக்கின்றன. அவர்களுக்கு வேறு பெயர் சூட்டி, வேறு மதத்தில் சேர்த்து விற்றார்கள். தாய் ஒரு பக்கம், பிள்ளை ஒரு பக்கம் போன குடும்பங்கள் எத்தனையோ.

இதில் எமக்கும் ஒரு தொடர்பு உண்டு. 1580 முதல் 1640 வரை ஸ்பெயினையும் போர்த்துக்கலையும் ஒரே அரசர்தான் ஆண்டார். அக்காலத்தில் இத்துறைக்கு அடிமைகளைக் கொண்டுவந்தவர்களில் பெரும்பாலானோர் போர்த்துக்கேய வணிகர். 1626இல் போர்த்துக்கேயர் தம் ஆட்சிப் பகுதியிலிருந்து இலங்கை முஸ்லிம்களை வெளியேற்ற, கண்டி மன்னர் செனரத் அவர்களைக் கிழக்கில் குடியேற்றினார் என்று படித்திருக்கிறோம். கொழும்பில் பறந்ததும் கார்த்தஹேனாவில் பறந்ததும் ஒரே அரசரின் கொடிதான்.

அருகிலுள்ள தேவாலயம் பேத்ரோ கிளவர் என்ற பாதிரியாரின் பெயரால் அமைந்தது. 1654இல் இறந்த இவர், அடிமைக் கப்பல்களுக்குப் பழமும் தண்ணீரும் மருந்தும் கொண்டுபோய் நோயாளிகளைப் பராமரித்தவர். 'அடிமைகளின் அடிமை' என்று தம்மை அழைத்துக்கொண்டாராம். அவருக்குப் பல மொழிகளில் மொழிபெயர்த்து உதவியவர்களும் ஆபிரிக்க அடிமைகளே. கொலம்பியாவில் அடிமை முறையை ஒழிக்கும் சட்டம் 1851இல்தான் நிறைவேறியது.

பழம் விற்கும் பெண்கள்

கார்த்தஹேனாவின் படம் என்றாலே தலையில் பழப் பாத்திரத்துடன், மஞ்சள், நீலம், சிவப்பு உடுப்பில் சிரிக்கும் கறுப்பினப் பெண்தான். 'பலெங்கேரா' என்று அவர்களுக்குப் பெயர். அலங்காரத்துக்காக நகரசபை நிறுத்தி வைத்தவர்கள் என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். உண்மை வேறு.

பெங்கோஸ் பியோஹோ என்ற ஆபிரிக்கர் 1599இல் அடிமைத்தளையிலிருந்து தப்பினார். மனைவி மக்களோடும் மற்றவர்களோடும் சதுப்பு நிலங்களைக் கடந்து, காட்டில் வேலியடைத்த குடியிருப்பை அமைத்தார். ஆளுநரே அவருடன் சமாதானம் பேசவேண்டி வந்தது. பின்னர் 1621இல் அவரைப் பிடித்துக் கொன்றுவிட்டார்கள். ஆனால் தப்பியோடும் கூட்டங்கள் நிற்கவில்லை. நகரிலிருந்து சுமார் 50 கிலோமீற்றர் தூரத்திலுள்ள சான் பசிலியோ தெ பலெங்கே என்ற கிராமம் இன்றும் அவர்களின் வாரிசுகளுடையது. ஆபிரிக்காவின் கிகொங்கோ மொழிச் சொற்கள் கலந்த தனிமொழி ஒன்றை அவர்கள் பேசுகிறார்கள். அவர்களின் பண்பாட்டை 2005இல் யுனெஸ்கோ உலகின் அரிய வாய்மொழி மரபுகளில் ஒன்றாக அறிவித்தது.

அந்தக் கிராமத்தில் வாய்வழியாக ஒரு செய்தி வழங்கி வருகிறது. தப்பிச் செல்லும் பாதையைப் பெண்கள் சிறுமியரின் தலைப்பின்னலில் வரைபடமாகப் பின்னி வைத்தார்களாம். போய்ச் சேரும் இடத்தில் விதைக்க வேண்டிய விதைகளையும் அந்தப் பின்னலுக்குள்ளேயே ஒளித்தார்களாம். எஜமானர்களுக்கு அது வெறும் தலை அலங்காரம்.

இந்தக் கிராமத்துப் பெண்கள்தான் தலைமுறை தலைமுறையாக நகரத் தெருக்களில் பழமும் இனிப்பும் விற்றுக் குடும்பத்தைத் தாங்கினார்கள். இன்று படத்துக்கு நிற்கவும் காசு கேட்கிறார்கள். அதற்காக முகம் சுளிக்கும் பயணிகளைக் கண்டேன். எங்களுக்கு ஒரு பெண் பப்பாசியும் அன்னாசியும் வெட்டித் தந்தார். அவர் சுமந்த பாத்திரத்தை மகள் தூக்கிப் பார்க்க முயன்றாள். இரண்டு கைகளாலும் முடியவில்லை. காலை முதல் மாலை வரை, கற்பாவிய தெருவில், அந்தச் சுமையோடு நடக்கிறார் அவர்.

எமது சமையலறைக்குப் பழக்கமான வாசம்

இனிப்புக் கடைகளில் நின்றபோது ஊர் நினைவு வந்தது. தேங்காய்ப்பூவைச் சீனிப் பாகில் கிளறிய 'கொகாதா', சீனி பிரட்டிய புளியுருண்டை, மரவள்ளிக் கிழங்கைத் துருவித் தேங்காயும் சோம்பும் சேர்த்து வேகவைத்த 'என்யுகாதோ'. உச்சி வேளையில் பொரித்த மீனும் தேங்காய்ப்பால் சோறும் சாப்பிடுகிறார்கள். பாலைக் காய்ச்சி, எண்ணெய் பிரிந்து கக்கம் பொன்னிறமாகும் வரை விட்டு, அதில் அரிசியைப் போட்டு வேகவைப்பது அவர்கள் வழக்கம். எம் வீடுகளில் ஒருமுறை செய்து பார்க்கலாம்.

இக்கரையின் தென்னை இங்கே தோன்றியதல்ல. எமது இந்து சமுத்திரக் கரைகளிலிருந்து போர்த்துக்கேயர் கொண்டுபோய் அட்லாண்டிக் கரையில் பரப்பியதே. மாறாக, நாம் சொந்தமாக எண்ணும் மரவள்ளி, பப்பாசி, அன்னாசி, கொய்யா எல்லாம் அமெரிக்க மண்ணிலிருந்து எம்மிடம் வந்தவை.

தெருவோரத்தில் 'கிப்பே' என்ற இறைச்சி உருண்டையும் கிடைக்கும். அரபு நாட்டுக் 'கிப்பா'வேதான். 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து லெபனான், சிரியா, பலஸ்தீனத்திலிருந்து குடியேறியவர்கள் கொண்டுவந்த பலகாரம். உஸ்மானிய அரசின் கடவுச்சீட்டோடு வந்ததால் அவர்களைத் 'துருக்கியர்' என்றே அழைத்தார்கள். அவர்களில் பெரும்பாலானோர் கிறிஸ்தவர். முஸ்லிம்களும் உண்டு. வெனிசுவேலா எல்லையை அண்டிய மைக்காவோ நகரில் 1997இல் திறக்கப்பட்ட உமர் இப்னு கத்தாப் பள்ளிவாசல், இலத்தீன் அமெரிக்காவின் பெரிய பள்ளிவாசல்களில் ஒன்று. தெருவோரத்து இறைச்சி ஹலாலானது என்று கொள்ள முடியாது. மீன், முட்டை, பழம் என்று இருந்துவிடுவது நல்லது.

போக நேரும் சகோதரிகளுக்கு

காலையிலேயே புறப்படுங்கள், பத்து மணிக்கு மேல் வெயில் தாங்காது. குடையும் தண்ணீர்ப் போத்தலும் அவசியம். பல வழிகாட்டிகள் மரகதக் கடைக்கே அதிக நேரம் ஒதுக்குவார்கள், விற்பனையில் அவர்களுக்கும் பங்கு உண்டு என்பதால். கல் வாங்கும் எண்ணமில்லாவிட்டால் ஆரம்பத்திலேயே சொல்லிவிடுங்கள். அந்த அரை மணித்தியாலத்தை மதிலுக்கு வெளியேயுள்ள ஹெத்செமானி என்ற பகுதிக்குக் கொடுக்கலாம். விடுதலை பெற்ற கறுப்பினத்தாரும் கைவினைஞரும் வாழ்ந்த இடம் அது. 1811 நவம்பர் 11இல் ஸ்பெயினிடமிருந்து நகர் சுதந்திரம் பெறுவதற்கு முன்னின்றவர்கள் அவர்களே. இன்று அங்கே வீட்டு விலை ஏறி, விடுதிகள் பெருகி, பழைய குடும்பங்கள் ஒவ்வொன்றாக வெளியேறுகின்றன.

எந்தக் கோட்டையைக் காட்டினாலும், "இதைக் கட்டியவர்கள் யார்?" என்று வழிகாட்டியிடம் கேளுங்கள். பழக்காரப் பெண்ணைப் படமெடுக்குமுன் அவரிடம் ஒரு தட்டுப் பழம் வாங்குங்கள், பேரம் பேசாமல்.