கில்லி போட்ட டீ!

சின்னதா ஒரு கேள்வி பாஸ். உங்க தாத்தா வீட்டுக் கொல்லைப்புறத்துல செம்பு பாய்லர் பார்த்திருக்கீங்களா? நடுவுல ஒரு குழாய், அதைச் சுத்தித் தண்ணி, அடியில தேங்காய் மட்டை சடசடனு எரியும். தீபாவளி விடியக்காலையில வீட்டுக்கே அதுதான் ஹீரோ. அந்த பாய்லரை அப்படியே முதுகுப் பையில போடுற சைஸுக்குச் சுருக்கிட்டா எப்படி இருக்கும்? சுருக்கிட்டாங்க! அதுவும் நூறு வருஷத்துக்கு மேலாச்சு. நம்ம ஊர்ல இல்ல, அயர்லாந்துல.

மேல்படிப்புக்கு டப்ளின், கால்வேனு கிளம்புற நம்ம பசங்க இப்போ நிறைய. நீங்களும் அங்கே போய்ச் சேர்ந்தா, ஒரு மே மாசத்து சனிக்கிழமை டப்ளின் ஹூஸ்டன் ஸ்டேஷன்ல ரயில் ஏறுங்க. மனுல்லா ஜங்ஷன்ல இறங்கி, குட்டி ரயில் மாறினா மேயோ மாவட்டத்து பாலினா. மாய் ஆத்தங்கரை ஊர். சால்மன் மீனுக்குப் பேர் போனது. ஊருக்குத் தென்மேற்கே கொஞ்ச தூரத்துல கிடக்குது லாக் கான் ஏரி. 'லாக்'னா அந்த ஊர் பாஷையில ஏரினு அர்த்தம். மேற்குக் கரையில 806 மீட்டர் உயரத்துக்கு நெஃபின் மலை. ஆனா நீங்க போற அன்னிக்கு மலை தெரிஞ்சா அதிர்ஷ்டம்தான். அயர்லாந்தோட மேற்குப் பக்கம் வருஷத்துல 200 நாளுக்கு மேல மழை!

ஏன் மே மாசம்? அப்போதான் 'மே ஃப்ளை'ங்கிற பூச்சி தண்ணிக்குள்ள இருந்து கூட்டம் கூட்டமா மேல வரும். அதைப் பிடிச்சுத் தின்ன ட்ரௌட் மீன் வரும். மீனைப் பிடிக்கத் தூண்டிலோட மனுஷங்க வருவாங்க. அவங்களைப் படகுல கூட்டிட்டுப் போற உள்ளூர்க்காரருக்குப் பேர் 'கில்லி'. சத்தியமா விஜய் படத்துக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லீங்க! மதியம் ஆச்சுன்னா கில்லி படகைக் கரையில ஒதுக்குவார். காத்தும் தூறலுமா இருக்குற அந்த இடத்துல அஞ்சு நிமிஷத்துல டீ கொடுக்கணும். அதுக்காக இந்த ஏரிக்கரையில கெல்லிங்கிற விவசாயக் குடும்பம் தகரத்துல தட்டிச் செஞ்சதுதான் 'கெல்லி கெட்டில்'. இன்னிக்கும் அந்தக் குடும்பப் பேர்லதான் விக்குது.

நானும் என் ரூம்மேட்டும் இன்னும் ரெண்டு பேருமா போனோம். இன்டர்நெட்ல பார்த்ததுலயே குட்டியா, அழகா இருந்த ஒரு கெட்டிலை வாங்கிட்டு பந்தாவா வந்திருந்தான் ரூம்மேட். எங்க படகுக்காரப் பெரியவர்கிட்டே இருந்தது ஒரு அடி உயரம், முழுக்கக் கரி, பக்கமெல்லாம் நசுங்கல். ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சப்போ நாங்க சிரிச்சோம்.

அப்புறம்தான் கதை.

பெரியவர் காய்ஞ்ச குச்சி, சருகு, ரெண்டு பைன் காய் பொறுக்கினார். அடித்தட்டுல போட்டுப் பத்த வெச்சு, தண்ணி நிரப்பின கெட்டிலை மேல உட்கார வெச்சார். தட்டுல இருக்குற ஓட்டையைக் காத்து வர்ற பக்கமாத் திருப்பினார். அவ்வளவுதான், மேல் வாய் வழியா தீ எட்டிப் பார்த்துச்சு! மந்திரம் எல்லாம் இல்ல. சூடான காத்து நடுக் குழாய்ல மேல ஏற, கீழே ஓட்டை வழியா புதுக் காத்து உள்ளே இழுபடுது. காத்து பலமா அடிச்சா தீ இன்னும் ஜோரா எரியும். தீயைச் சுத்தித் தண்ணியே சுவரா நிக்கிறதால சூடும் அதிகம் வீணாப் போறதில்ல.

எங்க ஆளும் அதே மாதிரி பத்த வெச்சான். ஆனா தண்ணி சிந்திடக் கூடாதுனு கார்க்கை நல்லா அழுத்தி மூடிட்டு வெச்சான். பெரியவர் கையில இருந்த கோப்பையைப் போட்டுட்டு ஓடி வந்தார். "தம்பி! அடைப்பை எடு!"னு அவர் கத்தினது எனக்கு இன்னும் காதுல கேக்குது. ஒரு குச்சியால கெட்டிலைத் தட்டித் தள்ளி விட்டார். நல்லவேளை, தண்ணி இன்னும் கொதிக்கல. கொதிச்சிருந்தா ஆவிக்குப் போக வழி ஏது? கார்க்கும் கொதிநீரும் சேர்ந்து பக்கத்துல குனிஞ்சிருந்த என் முகத்துலதான் தெறிச்சிருக்கும்.

அதனால கடையில நீங்க முதல்ல பார்க்க வேண்டியது கலர் இல்ல, மூடி. கார்க் தூக்கிட்டுப் போறப்போ மட்டும்தான். அடுப்புல ஏறினா அதைக் கழட்டிடணும். இப்போ ஆவி வெளியேற வழியுள்ள விசில் மூடியோடயும் வருது, அது பரவாயில்ல. அடுத்து, ஊத்துறதுக்கு ஒரு கையில பிடி, இன்னொரு கையில இழுக்கச் சங்கிலி இருக்கணும். தீ எரியுறப்போ பிடியை ரெண்டு பக்கமும் பிடிச்சுத் தூக்கணும். குழாய்க்கு மேல கை போச்சு, தோல் போச்சு!

சைஸுக்கு வருவோம். அரை லிட்டருக்குக் கொஞ்சம் மேல, ஒரு லிட்டருக்குக் கொஞ்சம் மேல, ஒன்றரை லிட்டர்னு பொதுவா மூணு அளவு. குட்டிக் கெட்டில்ல ரெண்டு பெரிய கப் டீ வரும். நாலு பேருக்கு ரெண்டு தடவை கொதிக்க வைக்கணும், ரெண்டு தடவை ஈரச் சுள்ளி பொறுக்கணும். நாங்க பொறுக்கினோம்! அளவு பாதிக்கும் கீழே குறைஞ்சாலும் எடை அந்த அளவு குறையறதில்லங்கிறதுதான் இதுல இருக்குற ஏமாத்து. என்னைக் கேட்டா கேங்கா போறவங்களுக்குப் பெரிசு, ரெண்டு பேருக்கு நடுவுலது. குட்டி, ஷோகேஸுக்கு.

பெரிசு அலுமினியத்துல ஒரு கிலோவுக்குள்ள வரும், ஸ்டீல்ல ஒரு கிலோவைத் தாண்டும். அலுமினியம் சீக்கிரம் நசுங்கும். எதுவா இருந்தாலும் தண்ணி இல்லாம தீயில வெச்சா காலி. முக்கியமா, உள்ளே பால் ஊத்திடாதீங்க. அந்த இடுக்குல கை நுழையாது, ஜென்மத்துக்கும் கழுவ முடியாது. வெந்நீர் மட்டும்தான், டீத்தூளும் பால் பவுடரும் கோப்பையில.

ரெண்டு நாள் தனியா நடக்கப் போறீங்களா? அப்போ இது வேண்டாம்னே சொல்வேன். குட்டி கேஸ் பர்னரும் சின்ன சிலிண்டரும் சேர்ந்தே 300 கிராம் பக்கம்தான். ஆனா அந்த சிலிண்டரை விமானத்துல ஏத்த விட மாட்டாங்க, தீர்ந்தா காட்டுல கிடைக்கவும் கிடைக்காது. நாலஞ்சு பேர் ஒரே இடத்துல கூடாரம் போட்டு நாள் கணக்கா இருக்கப் போறீங்கன்னா, சுள்ளி கிடைக்குற ஊர்னா, கெட்டில்தான் ராஜா.

'ஊருக்குக் கொண்டு வந்து கொடைக்கானல்ல ஒரு கை பார்க்கலாமே'னு தோணும். எனக்கும் தோணுச்சு. நம்ம காப்புக் காடுகள்ல தீ மூட்டுறது சட்டப்படி குற்றம் பாஸ். 2018 மார்ச் 11-ம் தேதி குரங்கணி மலையில காட்டுத் தீ ட்ரெக்கிங் போனவங்களைச் சூழ்ந்தது, 23 உயிர் போச்சு. தீ அடித்தட்டுக்குள்ளதானே இருக்குனு வாதம் பண்ணாதீங்க. குழாய் வழியா பொறி பறக்கும், தட்டோட அடியும் புல்லைக் கருக்கும். சொந்தக்காரங்க தோட்டம், வெறும் மண் தரை, பக்கத்துல ஒரு குடம் தண்ணி, அங்கே வெச்சுக்குங்க உங்க கச்சேரியை. அந்த மழை நாட்டுலகூட பெரியவர் புல் பக்கமே போகல. ஏரி ஓரக் கூழாங்கல் மேலதான் வெச்சார்.

எங்க டீ? பெரியவர் கெட்டில்ல கொதிச்ச தண்ணிதான் நாலு பேருக்கும் வந்துச்சு. கடுங்காப்பி மாதிரி கறுப்பா, கொஞ்சம் புகை வாசனையோட. ரூம்மேட் ஒண்ணுமே பேசாம ரெண்டு கையாலயும் கோப்பையைப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தான். பெரியவர் அவனைப் பார்த்தார். அவனோட குட்டிக் கெட்டிலை எடுத்துக் கார்க்கைப் பிடுங்கித் தன் பாக்கெட்ல போட்டுக்கிட்டார். அதுல தண்ணி நிரப்பி அவன் கையிலயே கொடுத்து, தீப்பெட்டியையும் நீட்டினார்.