லோயர் கேம்ப் முதல் குன்னூர் வரை

குமுளி மலைச்சாலை இறங்கி முடிகிற இடம் லோயர் கேம்ப். தேக்கடிப் பக்கத்துத் தண்ணீர் மலையைக் குடைந்த சுரங்கத்தில் நுழைந்து, நான்கு பெருங்குழாய்களில் சரிவிறங்கி, டர்பைன்களைச் சுற்றிவிட்டு, முல்லையாறாகக் கிளம்புவது இங்கேதான். அந்தத் தண்ணீரைத் தேக்கும் முல்லைப் பெரியாறு அணை திறந்தது 1895 அக்டோபர் 10. மின் உற்பத்தி தொடங்கியது 1958இல். சுற்றுலா வருகிறவர்கள் குழாய்களைப் படம் எடுக்கிறார்கள். அணையைக் கட்டிய பென்னிகுவிக்குக்கு 2013இல் திறந்த மணிமண்டபத்தின் முன் நின்று தங்களையும் எடுத்துக்கொள்கிறார்கள். எடுக்கட்டும். அந்த இரண்டுக்கும் இனி என்றைக்கும் படப்பஞ்சம் வராது.

இந்த ஆற்றோடு கீழே, தேனிக்கு அருகிலுள்ள குன்னூர் வரை நான் கேமராவோடு போய்வருவது வேறொன்றின் பொருட்டு. கூடலூரிலும் கம்பத்திலும் உத்தமபாளையத்திலும் யாரும் படம் எடுக்க நினைக்காத வீடுகள், கடைகள், சாவடிகள், எழுத்துப் பலகைகள் இருக்கின்றன. கோயிலுக்குத் தொல்லியல் துறை உண்டு, அணைக்கு வரலாறு உண்டு. ஒரு பலசரக்குக் கடையின் பலகைக் கதவுக்கு எதுவும் இல்லை. ஷட்டர் மாட்டிய மறுநாளே அது அடுப்புக்குப் போய்விடும்.

கூடலூர், கம்பம் பள்ளத்தாக்கின் தலைமாட்டில், மலைக்கு மிக அருகில் இருக்கிறது. மேற்கிலும் தெற்கிலும் மலை நிற்பதால் இங்கே சாயங்காலம் சீக்கிரம் வந்துவிடும். சமவெளி ஊர்களில் மாலை வெயில் மஞ்சளாகத் திரும்பும் நேரத்தில் கூடலூர்த் தெருக்களில் மலை நிழல் இறங்கியிருக்கும். அதனால் இந்த ஊரைப் படம் எடுக்கக் காலைதான் சரி. ஜூன், ஜூலையில் மலை தாண்டி வரும் சாரலும் மேகமும் அதைவிடச் சரி. வெயில் உரத்து அடித்தால் திண்ணை முழுக்க இருட்டாகி, முகப்பு மட்டும் வெளுத்துப்போகும். மேகமூட்டத்தில் தூணின் கடைசலும், சுவரில் சுண்ணாம்பு உரிந்த இடமும், உள்ளே நடையில் சாத்தி வைத்த மண்வெட்டியும் ஒன்றுபோலத் தெரியும்.

விடிவதற்கு முன் சாலைக்கு வந்தால் ஜீப்புகளைப் பார்க்கலாம். இடுக்கி மாவட்டத்து ஏலத்தோட்டங்களுக்கு வேலைக்குப் போகும் பெண்கள், தூக்குவாளியும் தலைத்துண்டுமாக நெருக்கியடித்து ஏறுவார்கள். ஜீப் மலையேறிய பிறகுதான் டீக்கடைகளில் ஆண்கள் பேப்பர் படிக்க உட்காருவார்கள். கூடலூரைப் பற்றிய எந்தப் படத்தொகுப்பிலும் இந்த ஜீப் முதல் பக்கத்தில் வரவேண்டும் என்பது என் எண்ணம். இப்படிச் சாதாரணத்தை எடுப்பது வீண் வேலை அல்ல. பாரிஸ் நகரம் மாறிக்கொண்டிருந்த காலத்தில் எழேன் அட்ஜே என்ற படக்காரர் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள், 1927இல் சாகும்வரை, பழைய கடைமுகப்புகளையும் வாசற்படிகளையும் தெரு வியாபாரிகளையும் எடுத்துக்கொண்டே இருந்தார். ஓவியர்களுக்குப் பயன்படும் ஆவணங்கள் என்று சொல்லி அவற்றை விற்றார். கலை என்று அவர் அலட்டிக்கொண்டதில்லை. இன்று பழைய பாரிஸ் எப்படி இருந்தது என்று கேட்டால் அவர் படங்களைத்தான் எடுத்து வைக்கிறார்கள். நமக்குப் பக்கத்திலேயே ஒரு சான்று உண்டு. லின்னேயஸ் டிரைப் என்ற படக்காரர் 1858இல் மதுரையை எடுத்தபோது திருமலை நாயக்கர் மகால் இடிந்து கிடந்தது. சென்னை ஆளுநர் நேப்பியர் பிரபு அதைச் சீர்செய்யத் தொடங்கியது அதற்குப் பிறகு. சீர்செய்வதற்கு முந்தைய மகாலை நாம் பார்க்க முடிவது அந்தப் படங்களால்தான்.

கூடலூரில் சீமை ஓடு போட்ட வீடு ஒன்றின் முன் நின்றுகொண்டிருந்தேன். முகப்பில் இரண்டு மயில்கள், நடுவில் கட்டிய ஆண்டு, சாந்தில் புடைப்பாக. திண்ணையில் புளி உடைத்துக்கொண்டிருந்த அப்பத்தா நிமிர்ந்து பார்த்தார்.

"ரோட்டுக்கு அளக்க வந்திருக்கியா தம்பி?"

"இல்ல அப்பத்தா. வீடு நல்லா இருக்கு, ஒரு படம் எடுத்துக்கலாமான்னு."

"இத்துப்போன வீட்ட எதுக்கு எடுக்குற? மகன் தார்சு போட்டிருக்கான் பாரு, எதுத்தாப்புல. அத எடு."

ரோட்டைப் பற்றி அவர் கேட்டதில் அர்த்தம் இருக்கிறது. இந்தச் சாலையோரம் வாழ்ந்தவர்களுக்கு, வீட்டை உற்றுப் பார்க்கிற அந்நியன் என்றால் சாலையை அகலப்படுத்த வந்தவன். பிறகு திண்டுக்கல்–குமுளி நெடுஞ்சாலைக்கு ஊர்களைச் சுற்றிப் புறவழிச்சாலைகள் வந்தன. லாரிகளும் அய்யப்ப பக்தர்களின் வண்டிகளும் வெளியே போய்விட, பழைய தெருக்கள் இடிபடாமல் தப்பின. ஆனால் சில கடைகளுக்கு வியாபாரமும் போயிற்று. வீட்டைக் காப்பாற்றியதும் கடையை மூடவைத்ததும் ஒரே சாலை. படத்தில் அந்த இரண்டும் வரவேண்டும்.

அவர் மகனின் தார்சு வீட்டையும் எடுத்தேன், சும்மா மனம்குளிர அல்ல. ஐம்பது வருடம் கழித்து அந்த டைல்ஸ் முகப்பும் பழைய வீடுதான். இரண்டையும் சேர்த்து எடுத்தால்தான் தெரு எடுத்ததாகும்.

பழைய கட்டடத்தின் வயதைச் சொல்ல எப்போதும் ஆண்டு எழுதியிருக்காது. பெயர்ப்பலகையைப் பார்க்கவேண்டும். 1978இல் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்த ஆணை போட்டது. அதற்கு முந்தைய பலகைகளில் லை, ணை, னை எல்லாம் யானைத் துதிக்கை போல முன்னால் வளைந்திருக்கும். பெயின்டர் கைப்பட எழுதிய அந்த எழுத்து ஒரு கடைச் சுவரில் மிஞ்சியிருந்தால் அந்தச் சுவர் பேசத் தொடங்கிவிடும். பழக்கதோஷத்தில் பிற்காலத்திலும் அப்படி எழுதியவர்கள் உண்டு என்பதையும் சேர்த்து நினைக்கவேண்டும். இன்னொரு தடயம் ஓடு. கழற்றி அடுக்கிய ஓட்டைப் புரட்டினால் தொழிற்சாலையின் பெயர் அச்சாகியிருக்கும். மங்களூரில் பேசல் மிஷன்காரர்கள் 1865இல் தொடங்கிய தொழில் மலையாளக் கரை முழுக்கப் பரவியது. அந்த அச்சை ஒரு படம் தனியாக எடுத்துக்கொள்வது நல்லது.

கூடலூரை விட்டு ஆறு திராட்சைப் பந்தல்களுக்கும் தென்னந்தோப்புகளுக்கும் நடுவே போகிறது. இந்தப் பன்னீர் திராட்சைக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பந்தலுக்குள் குனிந்து போய்ப் படம் எடுக்கவேண்டும். கல்தூண், கம்பி, இலை வழியாக விழும் வெளிச்சம், தலைக்கு மேலே கைநீட்டிக் கொத்து வெட்டுகிறவர்கள். பந்தலுக்கு வெளியே ஆற்றுத் தண்ணீரை நம்பிய வயல். பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் இருபோக நெல் இந்த ஆற்றை நம்பி நிற்கிறது. முதல் போகத்துக்கு ஜூன் முதல் தேதி தண்ணீர் விடுவதுதான் இங்கே முறை.

கம்பத்தில் நான் தவறாமல் போவது தம்பிரான் மாட்டுத் தொழுவுக்கு. நேர்ந்துவிட்ட மாடுகள் நிறைந்த தொழு. மாட்டுப் பொங்கலன்று ஊரே அங்கே திரண்டுவிடும். கட்டடத்தை விடவும் மாடுகளும் மனிதர்களும் சேர்ந்து நிற்கும் விதம்தான் அங்கே பார்க்கவேண்டியது.

கம்பத்துக் கடைத்தெருவில் இன்னொன்று கவனித்தேன். டீக்கடை, சைக்கிள் கடை, உரக்கடை, ஆட்டோவின் பின்கண்ணாடி, எங்கும் ஒரே படம்: கர்னல் ஜான் பென்னிகுவிக். 1841 ஜனவரி 15இல் பிறந்தவர். பொங்கலோடு சேர்ந்து வரும் அந்த நாளை இங்குள்ள விவசாயிகள் வீட்டு விசேஷமாகவே கொண்டாடுகிறார்கள். யார் எடுத்த படம், எந்த வருடம் என்று எந்தக் கடையிலும் யாருக்கும் தெரியவில்லை. படம் மட்டும் சாமி படத்துக்குச் சமமாக மாலையோடு இருக்கிறது. நன்றி மறவாத அந்த மனதுக்கு நான் தலைவணங்குகிறேன். ஆனால் அதே அணைக்குக் கல்லும் சுண்ணாம்பும் சுமந்து, மலைக்காய்ச்சலில் விழுந்து மடிந்த கூலிக்காரர்களில் ஒருவர் முகமும் நான் பார்த்த எந்தச் சுவரிலும் இல்லை. ஜீப்பில் ஏறும் பெண்களை எடுக்கவேண்டும் என்று நான் பிடிவாதமாக இருப்பது இதனால்தான்.

ஊர் ஸ்டூடியோக்களின் கதையும் இதோடு சேர்ந்தது. கல்யாணம், காதுகுத்து, பாஸ்போர்ட் படம் என்று ஒரு ஊரின் முகம் முழுவதும் அந்த நெகட்டிவ் பெட்டிகளில் இருந்தது. டிஜிட்டல் வந்ததும் பல ஊர்களில் அவை வெள்ளி பிரிக்கிறவர்களிடம் எடைக்குப் போயின. புதுச்சேரி ஃபிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள், பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு, தமிழ்நாட்டு ஸ்டூடியோக்களின் பழைய படங்களைத் தேடி டிஜிட்டலாக்கினார்கள். உங்கள் ஊரில் மூடிக்கிடக்கும் ஸ்டூடியோ இருந்தால், உரிமையாளரின் பிள்ளைகளிடம் இன்றே போய்ப் பேசுங்கள். பரண் காலியாகிவிட்ட பிறகு கேட்டுப் பயனில்லை.

உத்தமபாளையத்தில் ஊரை ஒட்டிய திருக்குணகிரிப் பாறையில் தீர்த்தங்கரர்கள் வரிசையாக அமர்ந்தும் நின்றும் இருக்கிறார்கள், கீழே வட்டெழுத்துகள். ஆயிரம் ஆண்டு கடந்த வேலை. இன்று அந்த இடம் ஊர்மக்களுக்குக் கருப்பணசாமி கோயில். ஆழம் குறைந்த புடைப்புச் சிற்பத்துக்கு நேர்வெளிச்சம் ஆகாது. பக்கவாட்டில் சாய்ந்து விழும் வெயில் வரும்வரை காத்திருந்தால் மூக்கும் முக்குடையும் எழுந்து வரும். சமணமும் கருப்பணசாமியும் ஒரே சட்டத்துக்குள் நிற்பதை வெட்டி ஒதுக்காமல் எடுப்பதுதான் உண்மையான படம். விபூதியையும் எண்ணெய்ப் பிசுக்கையும் விலக்கிச் "சுத்தமாக" எடுக்கப்பட்ட படங்களைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கும்.

சின்னமனூரில் பூலாநந்தீசுவரர் கோயிலும், பாண்டியர்கள் பாரதத்தைத் தமிழ்ப்படுத்தியதையும் மதுரையில் சங்கம் வைத்ததையும் பேசும் செப்பேடுகளின் புகழும் இருக்கின்றன. நான் அங்கே அதிகம் தங்குவது வாழைத்தார் இறக்கும் இடங்களில். வீரபாண்டியில் கௌமாரியம்மன் கோயிலை ஒட்டி ஆறு ஓடுகிறது. சித்திரைத் திருவிழாவில் அக்கினிச்சட்டியோடு ஆற்றங்கரை நிறைந்துவிடும். அப்போது கேமரா எடுப்பவர்கள் ஏராளம். திருவிழா முடிந்த மறுவாரம், பந்தல் பிரித்த வெற்றிடத்தையும் ஆற்றில் துவைத்து உலர்த்தும் துணிகளையும் எடுக்க ஆளில்லை.

பழனிசெட்டிபட்டித் தடுப்பணை தாண்டித் தேனி. இங்கே ரயில்தான் பாடம். மதுரை–போடி மீட்டர் கேஜ் பாதை 2010 கடைசியில் நின்றது. அகலப்பாதையாகத் தேனிக்குத் திரும்பியது 2022 மே மாதம், போடிக்கு 2023 ஜூனில். இடைப்பட்ட பன்னிரண்டு வருடத்தில் வளர்ந்த பிள்ளைகள் பழைய நிலையத்தையோ, மரப் பெஞ்சையோ, கைகாட்டியையோ பார்த்ததே இல்லை. வீட்டு ஆல்பத்தில் தாத்தா பெட்டியோடு நடைமேடையில் நிற்கும் ஒரு படம் இருந்தால் அதுதான் இப்போது ஆவணம்.

குன்னூரில் முல்லையாறு வைகையோடு சேர்கிறது. வருசநாட்டுப் பக்கத்திலிருந்து வரும் மூலவைகை பல மாதம் மணலாகக் கிடக்க, கலக்கும் தண்ணீர் பெரும்பாலும் முல்லையாற்றுடையதாகவே இருக்கும்.

இத்தனையும் எடுத்து ஹார்டு டிஸ்க்கில் பூட்டி வைப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஒவ்வொரு படத்துக்கும் பின்னால் ஊர், தெரு, தேதி எழுதுகிறேன். வீட்டார் பெயரும் கேட்ட கதையும் அவர்கள் சம்மதித்தால் மட்டும். வீட்டுக்காரருக்கு ஒரு பிரின்ட் கொடுக்கிறேன். இன்னொரு பிரதி அந்தந்த ஊர்க் கிளை நூலகத்தில், ஊருக்கு ஓர் ஆல்பமாக இருக்கவேண்டும் என்பது என் ஆசை. கூடலூர் ஆல்பத்துக்கு இன்னும் நெல் அரைக்கும் மில்லும், முடிதிருத்தும் கடைகளும், மந்தையில் ஆடுபுலி ஆட்டத்துக்குக் கல்லில் கொத்திய கட்டங்களும் பாக்கி. சாரல் தொடங்கியதும் போகவேண்டும்.