எண்பத்தாறு மாடல் பாட்டிலும் ஏழு குட்டி சீசாவும்

முதல்லயே சொல்லிடறேன், வைன் குடிக்கக் கத்துக்கொடுக்கற பதிவு இல்ல இது. எனக்கே அரைகுறைதான். 2009-லேர்ந்து பொர்தோலதான் குப்பை கொட்டறேன், அதனால காதுல விழுந்தது கொஞ்சம், வாய்ல விழுந்தது கொஞ்சம். காரைக்கால்ல இருந்தவரைக்கும் வைன்னா மாதா கோயில் பூசையில சாமியார் குடிக்கறதுன்னுதான் நெனச்சிக்கிட்டிருந்தேன் :-)

பழைய வைன்ல ஒரு சிக்கல் இருக்கு. பாட்டில் 750 மில்லி. இருபது முப்பது வருஷம் காத்து படாம தூங்கினது, திறந்து காத்து பட்டதும் முழிச்சிக்கும். ரெண்டு மூணு மணி நேரம் அமர்க்களமா பேசும், அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா வாடிடும். மீதியை மூடி வச்சு நாளைக்குப் பாத்துக்கலாம்னா அது வேற ஏதோ ஆகியிருக்கும். நறுக்கி வச்ச ஆப்பிள் கறுக்குதே, அதே சமாச்சாரம்தான். தனியா ஒருத்தன் குடிச்சுத் தீர்க்கவும் முடியாது, தீர்த்தா மறுநாள் எழுந்திரிக்க முடியாது. ஆக, இந்த மாதிரி பாட்டிலைத் திறக்கணும்னா ஆறேழு பேர் ஒரே மேசையில உக்காரணும். வேற வழியே கிடையாது.

2020 நவம்பர்ல பிரான்சுல ஆறேழு பேர் ஒரே மேசையில உக்கார முடியாது.

அக்டோபர் 30-ம் தேதி ரெண்டாவது ஊரடங்கு போட்டாங்க. வீட்டைச் சுத்தி ஒரு கிலோமீட்டர், ஒரு மணி நேரம், கையில படிவம். நவம்பர் 28-லேர்ந்து அதைத் தளர்த்தி 20 கிலோமீட்டர், மூணு மணி நேரம்னு ஆக்கினாங்க. இந்த 20-ம் 3-ம்தான் கதைக்கு முக்கியம்.

பாட்டில் எது, எப்படி வந்ததுன்னு சொல்லணும். நான் படிக்க வந்தப்போ பெசாக்ல ஒரு பெரியவர் வீட்டு மாடி ரூம்ல வாடகைக்கு இருந்தேன். சேன் ஜூலியான் பக்கம் ஒரு தோட்டத்துல முப்பது வருஷத்துக்கு மேல பாதாள அறை வேலை பாத்து ஓய்வு வாங்கினவர். நான் 'முசே'ன்னுதான் கூப்பிடுவேன். இன்னிக்கு வரைக்கும் பேர் சொல்லிக் கூப்பிட வாய் வந்ததில்ல. ஆளு பேசறது குறைவு. 2016-ல எனக்கு முப்பது வயசு ஆனப்போ நியூஸ்பேப்பர்ல சுத்தி ஒரு பாட்டிலைக் கையில குடுத்தார். ஷட்டோ தல்போ, 1986. என் வயசு. "நான் இல்லாம திறக்காதே"ன்னு ஒரே வரி.

தல்போ பத்தி ஒரு துணுக்கு, விட மனசில்ல. 1152-ல இந்தப் பிரதேசத்து ராணி எலியனோர், ஹென்றியைக் கல்யாணம் பண்ணிக்கிட்டாங்க. ரெண்டு வருஷத்துல அந்த ஹென்றி இங்கிலாந்துக்கு ராஜா ஆயிட்டார். அதுலேர்ந்து முந்நூறு வருஷம் பொர்தோ இங்கிலாந்து ராஜா கையில. 1453-ல காஸ்தியோன்ல நடந்த சண்டையில இங்கிலீஷ் தளபதி ஜான் டால்பட் செத்துப்போனார், கதை முடிஞ்சுது. அவர் பேர்தான் அந்தத் தோட்டத்துக்கு. தோத்துப்போன எதிராளி பேரை லேபிள்ல ஒட்டி அவன் ஊருக்கே வித்த புத்திசாலிங்க இவங்க. 1855 பட்டியல்ல இது நாலாவது தரம். நாலாவதுன்னதும் மட்டம்னு நெனச்சிராதீங்க, அந்தப் பட்டியல்ல இடம் பிடிச்சதே பெரிய விஷயம்.

சரி, 2020-க்கு வருவோம். அக்டோபர்ல பெரியவருக்கு கொரோனா வந்துச்சு. மூணு நாள் காய்ச்சல், ஆஸ்பத்திரி வரைக்கும் போகல, எழுந்துட்டார். வயசு 75, எல்லாரும் பெருமூச்சு விட்டோம். ஒரு வாரம் கழிச்சு மதாம் போன் பண்ணினாங்க. அடுப்புல பால் தீஞ்சு வீடு பூரா நாத்தம், அவர் பக்கத்துலயே உக்காந்து பேப்பர் படிச்சிக்கிட்டிருந்தாராம்.

வாசனை சுத்தமா போயிடுச்சு. மூக்குல வாசனை பிடிக்கற நரம்பை இந்தக் கிருமி நேரா தாக்கறதில்லயாம், அதுக்கு முட்டுக் குடுத்து நிக்கற செல்களைத்தான் சாய்க்குதாம். முட்டு சாஞ்சா நரம்பு வேலை செய்யாது. சிலருக்கு மூணு வாரத்துல திரும்பும், சிலருக்கு மாசக் கணக்கு. நாம 'ருசி'ன்னு சொல்றதுல பெரும்பங்கு மூக்கு பண்ற வேலைங்கறதால சோறு, காப்பி எல்லாமே அவருக்கு அட்டை மாதிரி ஆயிடுச்சு. வேற யாருக்காவது ஆனா பரவால்லன்னு சொல்ல வரல. ஆனா மூக்கை வச்சு முப்பது வருஷம் சோறு தின்ன மனுஷன்.

அவரைத் தேத்தலாம்னு வீடியோவுல ஒரு விருந்து போடலாம்னு சொன்னேன். அவரவர் வீடு, அவரவர் தட்டு, வைன் மட்டும் பொது. "செவிடனைக் கச்சேரிக்குக் கூப்பிடறியா?"ன்னு வச்சிட்டார். நம்மூர் 'செவிடன் காதுல ஊதின சங்கு'தான். அப்ப தல்போவை வச்சிடலாம், அவருக்கு மூக்கு வரட்டும்னு நான் முடிவு பண்ணிட்டேன். 86 அவசரப்படாத வருஷம். அந்த வருஷ இடக்கரை வைன்கள் துவர்ப்புக்குப் பேர் போனவை, இளசுல வாய்ல வைக்க முடியாதுன்னு சொல்வாங்க. இன்னும் பத்து வருஷம் தாங்கும். அவர் தாங்குவாரான்னு மனசுக்குள்ள ஒரு கேள்வி வந்துச்சு, அதை வெளிய சொல்லல.

ரெண்டு நாள் கழிச்சு அவரே கூப்பிட்டார். "பாட்டிலை இன்னிக்கே நிமிர்த்தி வை. சனிக்கிழமை திறக்கணும்னா வண்டல் அதுக்குள்ள கீழ இறங்கணும்." அவ்வளவுதான், வச்சிட்டார்.

டிசம்பர் 5, சனிக்கிழமை. முப்பது வருஷத்துக்கு மேல ஆன கார்க்கு, சாதாரணத் திருகாணியைப் போட்டா பொடிப்பொடியா உதிரும். அதுக்குன்னு ரெண்டு மெல்லிசான தகடு வச்ச ஒரு கருவி இருக்கு, கார்க்குக்கும் கண்ணாடிக்கும் நடுவுல ரெண்டு பக்கமும் சொருகி மெதுவாத் திருகி இழுக்கணும். முக்கால்வாசி முழுசா வந்துச்சு, மிச்சத்தைக் கெஞ்சி எடுத்தேன். அப்புறம் பாட்டில் கழுத்துக்குக் கீழ மெழுகுவத்தி. வெளிச்சத்துல பாத்துக்கிட்டே கண்ணாடிக் குடுவைக்கு ஊத்தணும், கறுப்பா ஒரு கோடு கழுத்துக்கு வந்ததும் நிறுத்தணும். ஐம்பது மில்லி வண்டல் போச்சு. மீதி 700. பார்மசியில வாங்கின 100 மில்லி சீசா ஏழு. பெரியவருக்கும் மதாமுக்கும் ரெண்டு, பாண்டிச்சேரி அண்ணனுக்கு ஒண்ணு, பெக்ல ஊர்ல இருக்கற என் ஆபீஸ் ஜோடிக்கு ரெண்டு, எனக்கும் வீட்டம்மாவுக்கும் ரெண்டு. கணக்கு சரியா வந்துச்சு.

சீசாவைத் தளும்பத் தளும்ப நிரப்பி மூடணும், இதுதான் சூட்சுமம். மேல காலி இடம் இருந்தா அதுல காத்து, காத்து இருந்தா ராத்திரிக்குள்ள வைன் காலி. இதே மாதிரி அண்ணன் குடுத்த காந்த்மெர்ல் 1989-ம், கடைசிக்கு ஒரு சொதெர்ன் 1997-ம். (காந்த்மெர்ல், 1855 பட்டியல்ல கடைசிப் பேர். முதல்ல விட்டுப்போய் அப்புறமா அடியில கையால எழுதிச் சேர்த்தாங்களாம். கல்யாணப் பத்திரிகையில பேர் விட்டுப்போன சித்தப்பா மாதிரி.)

சைக்கிள் கூடையில துணி சுத்தி எல்லாத்தையும் வச்சுக்கிட்டு தலான்ஸ்லேர்ந்து கிளம்பினேன். படிவத்துல 'நடை, உடற்பயிற்சி' கட்டத்தை டிக் பண்ணியாச்சு, பொய்யும் இல்ல, நல்ல மேடு. பெசாக்ல ஓ-பிரியோன் மதிலை ஒட்டித்தான் வழி. 1663-லயே லண்டன்ல சாமுவேல் பெப்பிஸ் டைரியில எழுதி வச்ச வைன், இன்னிக்கு நாலு பக்கமும் வீடும் பஸ் ஸ்டாப்பும். பெரியவர் வீட்டு வாசல்ல சீசாவை வச்சிட்டு மணி அடிச்சிட்டு ரோட்டுக்கு வந்து நின்னேன். ஜன்னல்ல வந்து சீசாவை வெளிச்சத்துல தூக்கிப் பாத்தார். ஓரத்துல செங்கல் நிறம். தலையை ஆட்டினார். மெரிஞாக், பெக்ல எல்லாம் முடிச்சு வீடு சேர்ந்தப்போ மூணு மணி நேரத்துல பதினஞ்சு நிமிஷம் மிச்சம்.

ராத்திரி எட்டு மணி. நாலு கட்டத்துல ஏழு மூஞ்சி. இலவசக் கணக்கு, 40 நிமிஷத்துல பட்டுனு வெட்டிடும், திரும்ப எல்லாரும் உள்ள வரணும். மதாம் வாத்து நெஞ்சுக்கறி பண்ணியிருந்தாங்க. அண்ணன் அவர் பாட்டுக்கு மிளகு போட்டு ஆட்டுக்கறி வறுத்து வச்சிருந்தார். என்னைக் கேட்டா, காரமும் பழைய வைனும் சேராது. 'இந்திய உணவோட பிரமாதமாப் பொருந்தும்'னு எழுதறவங்க யாரும் நம்ம வீட்டு மிளகாயைப் பாத்ததில்ல. மிளகுக்கே அது சுருண்டுக்கும். "அண்ணே, முதல்ல வைனைக் குடிங்க, கறி அப்புறம்"னு கெஞ்ச வேண்டியதாப் போச்சு. "தம்பி, எனக்குக் கறிதான் முக்கியம்"னுட்டார்.

காந்த்மெர்ல் நல்லா இருந்துச்சு, மென்மையா, சீக்கிரமே தீர்ந்துபோச்சு. பெரியவர் பேசல. ஒரு வாய் குடிச்சிட்டு வச்சிட்டார்.

அப்புறம் தல்போ. யாரும் முதல்ல வாயைத் திறக்கல. வாசனை பத்திப் பேசினா அவருக்கு எப்படி இருக்கும்னு எல்லாருக்கும் தயக்கம். அவரே கேட்டார், "என்ன, ஊமையாயிட்டீங்களா? என்ன வாசனை வருது, ஒவ்வொருத்தரா சொல்லுங்க. புத்தகத்துல படிச்சதைச் சொல்லாதீங்க." பெக்ல பெண் மழை பெஞ்ச காடுன்னா. அவ புருஷன் பென்சில் சீவின தூள்னான். என் வீட்டம்மா பழைய தோல் பைன்னா. அண்ணன் ரொம்ப நேரம் மோந்துட்டு, "எங்க தாத்தாவோட வெத்தலைப் பெட்டி"ன்னார். அதை பிரெஞ்சுல எப்படிச் சொல்றதுன்னு தெரியாம முழிச்சார்.

பெரியவர் குடிச்சார். வாய்ல வச்சுக்கிட்டே கண்ணை மூடிக்கிட்டார். முழுங்கினதுக்கு அப்புறமும் தாடை அசைஞ்சிக்கிட்டே இருந்துச்சு.

"87-ல பக்கத்துத் தோட்டத்துக்காரன் கூப்பிட்டு இதைப் பீப்பாயிலேர்ந்து குடுத்தான். ஈறைப் பிடிச்சு இழுத்துச்சு. இப்ப ஈறுல ஒண்ணுமே இல்ல. நாக்கோட பின்பக்கம், ஓரத்துல மட்டும் பிடிக்குது. பொடி மாதிரி, நைசா. இது இன்னும் முடியல."

மூக்கு போனாலும் இது போகல அவருக்கு. ஏன்னா துவர்ப்புங்கறது வாசனையும் இல்ல, சரியாப் பாத்தா நாக்கு ருசியும் இல்ல, தொடுதல். வைன்ல இருக்கற டானின் நம்ம எச்சில்ல இருக்கற புரதத்தோட ஒட்டிக்கும், வழவழப்பு போய் வாய் வறண்டு இழுக்கும். கொட்டைப்பாக்கு, வாழைப்பூ, கடுக்காய் எல்லாம் இதேதான். பாதாள அறையில 225 லிட்டர் பீப்பாய்க்கு அஞ்சாறு முட்டை வெள்ளைக்கரு அடிச்சு ஊத்துவாங்க, அந்தப் புரதத்தோட முரட்டு டானின் ஒட்டிக்கிட்டு அடியில இறங்கிடும். பெரியவர் வருஷக்கணக்கா முட்டை உடைச்சவர். பீப்பாயில முட்டை பண்றதைத்தான் வாய்ல எச்சில் பண்ணுதுன்னு அவர்தான் எனக்கு முன்னாடி சொல்லிக்குடுத்தது. நம்மாளுங்க அறுசுவையில துவர்ப்புக்கு ஒரு நாற்காலி போட்டு வச்சிருக்காங்கன்னு சொன்னேன். பிரெஞ்சுல இதுக்குச் சொல் இருக்கு, ஆனா சுவைக் கணக்குல சேர்க்கறதில்ல. "உங்க ஆளுங்க விவரமானவங்க"ன்னார். அன்னிக்கு முதல் சிரிப்பு.

அதோட முடிஞ்சிருந்தா நல்லா இருந்திருக்கும். கடைசியில சொதெர்ன். பூஞ்சை பிடிச்சு வத்தின திராட்சையில பண்ற தித்திப்பு வைன். எங்களுக்கு ஆப்ரிகாட், தேன், குங்குமப்பூன்னு என்னென்னவோ வந்துச்சு. அவர் ஒரு வாய் குடிச்சார். கிளாஸைக் கீழ வச்சார். "சர்க்கரைத் தண்ணி." திரையை விட்டு எழுந்து போயிட்டார். மதாம் ஒண்ணும் சொல்லாம கேமராவை மூடினாங்க. நாங்க அஞ்சு பேரும் தட்டைப் பாத்துக்கிட்டு இருந்தோம். சரியா அப்ப 40 நிமிஷம் முடிஞ்சு வெட்டிடுச்சு.

திரும்ப உள்ள வந்தோம், மூணு கட்டம். அண்ணன், "விடுப்பா, மனுஷன் படுக்கட்டும்"னார். பத்து நிமிஷம் இருக்கும், நாலாவது கட்டம் வந்துச்சு. கையில தல்போ கிளாஸ், அடியில ரெண்டு விரல் அளவுக்கு மிச்சம். உக்காந்தார். அண்ணனைப் பாத்து, "உன் தாத்தா பெட்டின்னியே, அதுல என்னதான் வச்சிருப்பார்?"னு கேட்டார். வெத்தலை, சுண்ணாம்பு, பாக்கு, கிராம்பு, புகையிலைன்னு அண்ணன் கையை ஆட்டி ஆட்டி விளக்க, அடுத்த 40 நிமிஷமும் அதுலயே போச்சு.

மறுவாரம் அண்ணன் தமிழ்க் கடையில பாக்கும் கிராம்பும் வாங்கி அவர் தபால் பெட்டியில போட்டுட்டு வந்தார். பாக்கை மென்னுட்டு, "86 மாதிரியே இருக்கு, பீப்பாயில"ன்னு பெரியவர் செய்தி அனுப்பினார். கிராம்பு வேற வகையில உபயோகமாச்சு. மூக்குக்குப் பயிற்சின்னு ஒண்ணு இருக்கு, ரோஜா, எலுமிச்சை, யூகலிப்டஸ், கிராம்பு நாலையும் தினம் ரெண்டு வேளை, ஒவ்வொண்ணும் சில வினாடி, மோந்து பாத்துக்கிட்டே இருக்கணும். டாக்டர் சொல்லி அதை ஆரம்பிச்சார். நடுவுல பிப்ரவரி மார்ச்சுல காப்பி ரப்பர் எரியற மாதிரி நாறுதுன்னு கஷ்டப்பட்டார். ஒண்ணுமே இல்லாததுக்கு நாத்தம் தேவலையான்னு நான் கேக்கல.

2021 மே கடைசியில அவர் வீட்டுத் தோட்டத்துல உக்காந்தோம், நிஜ மேசை, நிஜ மனுஷங்க. சாதாரண வைன்தான். மோந்து பாத்தார். கிராம்பு வருதாம், கொஞ்சம் மரம் வருதாம். பழம் இன்னும் வரலையாம். "தல்போ வெறும் பாட்டில் இருக்கா?"ன்னு கேட்டார். இருக்கு, என் வீட்டு அலமாரி மேல, கார்க்குத் துண்டோட. அடுத்த தடவை கார்க்கை எடுத்துக்கிட்டு வாடான்னார்.