நந்திக்கு மணம் முடித்த ஊர்

அரியலூரிலிருந்து தஞ்சாவூர் சாலையில் தெற்கே இறங்கினால் நிலம் மாறிக்கொண்டே வரும். சுண்ணாம்புக்கல் லாரிகளும் சிமெண்ட் ஆலைகளும் பின்தங்கி, கீழப்பழுவூர் தாண்டித் திருமானூர் வரும்போது வயல் வாசனை வந்துவிடும். அங்கிருந்து மேற்கே, கொள்ளிடத்தின் வடகரையில் இருக்கிறது திருமழபாடி. கிழக்கே ஓடும் ஆறு இங்கே வடக்கு முகமாகத் திரும்புகிறது. அப்படித் திரும்பும் இடத்தில் நீராடினால் புண்ணியம் என்று நம் முன்னோர் நம்பினார்கள். அந்தக் கரையில்தான் வைத்தியநாத சுவாமி கோயில்.

இந்த ஊரைச் சுற்றுவட்டாரம் முழுக்க அறிந்திருப்பது ஒரு கல்யாணத்தால். ‘நந்தி கல்யாணம் முந்திக் கல்யாணம்’ என்பார்கள். நந்தியின் திருமணத்தைப் பார்த்தவர்களுக்கு அடுத்த வருஷக் கல்யாணத்துக்குள் திருமணம் கூடிவிடும் என்று நம்பிக்கை. பங்குனிப் புனர்பூசத்தன்று வரன் அமையாத பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பெற்றோர் வந்து நிற்பதை இன்றும் காணலாம்.

கதை ஆற்றுக்குத் தென்கரையில், திருவையாற்றுப் பக்கம் தொடங்குகிறது. சிலாத முனிவருக்குப் பிள்ளை இல்லை. அவ்வூர் இறைவன் ஐயாறப்பரை வேண்டி அவர் நிலத்தை உழுதபோது ஏர்முனையில் ஒரு பெட்டி தட்டுப்பட்டது. திறந்தால் மூன்று கண்ணும் நான்கு தோளுமாக ஓர் உருவம். மூடித் திறந்தால் சாதாரணக் குழந்தை. அந்தக் குழந்தைக்கு ஆயுள் பதினாறுதான் என்று தெரிந்ததும் தாய் தகப்பன் கலங்கினார்கள். பிள்ளை கலங்கவில்லை. ஐயாற்றுக் குளத்தில் ஒற்றைக் காலில் நின்று ஐந்தெழுத்தை ஜபித்தான். நீர்வாழ் பிராணிகள் உடம்பை அரித்தும் அசையவில்லை. சிவபெருமான் இரங்கி, புண்பட்ட மேனியை அபிஷேகத்தால் ஆற்றி, கணங்களுக்குத் தலைவனாக்கிக் கயிலையின் வாயிலைக் காக்கும் பொறுப்பைத் தந்தார். பதவி கிடைத்த பிள்ளைக்குக் கல்யாணம் செய்துவைக்க வேண்டாமா? வியாக்ரபாதரின் மகள் சுயசாம்பிகையைப் பேசி, திருமழபாடியில் முடித்தார்கள். முடித்து வைத்தவர் ஐயாறப்பரே.

இந்தப் புராணத்தில் என்னைக் கவர்ந்தது அதன் குடும்பக் கணக்கு. திருவாதிரையில் அந்தணர்குறிச்சியில் நந்தியின் பிறப்பு விழா. அடுத்த நட்சத்திரமான புனர்பூசத்தில் திருமழபாடியில் கல்யாணம். பதினாறு வருஷத்தை இரண்டு நட்சத்திரத்துக்குள் அடக்கிவிட்டார்கள். ஐயாறப்பரும் அறம்வளர்த்த நாயகியும் பல்லக்கில் மாப்பிள்ளையை அழைத்துக்கொண்டு வருகிறார்கள். மேட்டூர் அணையை வழக்கமாகத் தை மாதத்தில் மூடிவிடுவதால், பங்குனியில் கொள்ளிடம் பெரும்பாலும் மணல்வெளிதான். அதைக் கடந்து வருபவர்களை மழபாடிக்காரர்கள் எதிர்கொண்டு அழைக்கிறார்கள். ஒரு வீட்டுக் கல்யாணத்தில் உள்ள அத்தனை பரபரப்பும் இங்கே உண்டு.

கல்யாணச் சாமான் வந்த கதையும் உண்டு. திருப்பழனத்திலிருந்து பழம், திருச்சோற்றுத்துறையிலிருந்து சாப்பாடு, திருவேதிகுடியிலிருந்து வேதம் ஓதுவோர், திருப்பூந்துருத்தியிலிருந்து பூ, தில்லைஸ்தானம் என்று இப்போது வழங்கும் திருநெய்த்தானத்திலிருந்து நெய். ஊருக்கு ஒரு சீர்.

வருவாய்த் துறை வரைபடமோ இந்த உறவைப் பலமுறை வெட்டியிருக்கிறது. திருவையாறு தஞ்சாவூர் மாவட்டம். திருமழபாடி முன்பு திருச்சிராப்பள்ளியில் இருந்தது. 1995-ல் பெரம்பலூர் மாவட்டத்துக்குப் போனது. 2001-ல் அரியலூர் தனியானது, 2002-ல் திரும்பப் பெரம்பலூரோடு சேர்ந்தது, 2007 நவம்பரில் மறுபடி பிரிந்தது. இத்தனைக்கும் இரு கரையின் சம்பந்தி உறவு குறையவில்லை.

கோயிலுக்குள் போனால் மூலவருக்கு இன்னொரு பெயர் சொல்வார்கள்: வச்சிரத்தம்பேசுவரர். பாதி மனிதரும் பாதி விலங்குமான புருஷாமிருகர் சத்தியலோகத்து லிங்கத்தை இங்கே நட்டுவிட, மீட்டுப்போக வந்த பிரம்மா இழுத்துப் பார்த்தும் அது அசையவில்லை. வைரத் தூணோ என்று வியந்து விட்டுவிட்டுப் போனார். அம்மன் சுந்தராம்பிகை. ஒரே கல்லில் வடித்த சோமாஸ்கந்தரை அவசரப்படாமல் பாருங்கள். நந்திக்கு அருகே தரையில் மூன்று குழிகள் உண்டு. அவற்றையே நவகிரகங்களாக வணங்குகிறார்கள்.

சம்பந்தர், அப்பர், சுந்தரர் மூவரும் பாடிய தலம் இது. சுந்தரர் தென்கரையில் திருவாலம்பொழிலில் தங்கியிருந்த இரவு, மழபாடிக்கு வர மறந்துவிட்டாயா என்று இறைவன் கனவில் கேட்டார். பதறி எழுந்து ஆற்றைக் கடந்து வந்து அவர் பாடியதுதான் ‘பொன்னார் மேனியனே’ பதிகம். ஓதுவார் முதல் பாலர் வகுப்புப் பிள்ளைவரை பாடும் அந்தப் பதிகத்தின் பிறந்த ஊரில் நிற்கிறோம் என்பதே எனக்குப் பெரிய விஷயமாக இருந்தது.

ஆனால் சுவர்களில் உள்ள ஒரு செய்தி இந்தப் புராணங்களுக்குச் சற்றும் குறையாதது. முதலாம் ராஜராஜன் தன் 28-ஆம் ஆட்சியாண்டில், ஏறத்தாழ 1013-ல், இந்தக் கோயிலின் விமானத்தைப் பிரித்துப் புதிதாகக் கட்ட ஆணையிட்டான். பழைய சுவரில் யார் யாரோ கொடுத்த நிலமும் விளக்கும் பொன்னும் கல்லெழுத்தாக இருந்தன. கல்லைப் பிரித்தால் அவை போய்விடும். எனவே எல்லாவற்றையும் முதலில் புத்தகத்தில் எழுதிக்கொள்ளச் சொன்னான். அவனுக்குப் பின் மகன் ராஜேந்திரனின் 14-ஆம் ஆண்டில் அவை புதிய சுவர்களில் மறுபடி வெட்டப்பட்டன. எப்போதோ ஒருவர் ஒற்றை விளக்குக்குக் கொடுத்த தருமம்கூடத் தொலையக்கூடாது என்று ஒரு பேரரசு நினைத்திருக்கிறது. திருப்பணி என்ற பெயரில் மணலை வீச்சாக அடித்துப் பல கோயில்களில் எழுத்துகளைத் தேய்த்துவிட்ட நம் காலத்தில், இதைப் படிக்கும்போது நெஞ்சு கனக்கிறது. திருப்பணி தொடங்கும் ஒவ்வொரு ஊரிலும் இந்தக் கல்வெட்டின் செய்தியை முதலில் வாசித்துக் காட்ட வேண்டும்.

பங்குனியைத் தவறவிட்டவர்கள் சித்திரையில் திருவையாற்றுக்கு வரலாம். ஏழூர் விழாவில் புதுமணத் தம்பதியை ஐயாறப்பர் சீர் கொடுத்த ஊர்களுக்கெல்லாம் அழைத்துப்போகிறார். மழபாடிக் கல்யாணத்துக்கு அங்கே நன்றி சொல்லி முடிக்கிறார்கள்.