மழை குடித்த வீடு

ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையில் ஹெலன்ஸ்பரா என்னும் ஊருக்கு மேலே, குன்றின் தோளில் நிற்கிறது ஹில் ஹவுஸ். இப்போது அங்கே போகிறவர் கண்ணில் முதலில் படுவது வீடல்ல, வீட்டையே விழுங்கி நிற்கும் ஒரு பிரம்மாண்டமான எஃகுக் கூண்டு. வலைக்குப் பின்னால், மூடுபனிக்குள் தெரிவதுபோல், சாம்பல் நிறச் சுவர்களும் உயர்ந்த புகைபோக்கிகளும் மங்கலாகத் தெரிகின்றன.

கிளாஸ்கோவின் கரிப்புகையிலிருந்து தப்ப நினைத்த வசதி படைத்தவர்களுக்கு ரயில் திறந்துவிட்ட ஊர் இது. பதிப்பாளர் வால்டர் பிளாக்கி இங்கே நிலம் வாங்கியபோது, அவருடைய நிறுவனத்தின் கலை இயக்குநர் டால்வின் மோரிஸ் ஓர் இளம் கட்டடக் கலைஞரைக் கைகாட்டினார். அவர் சார்லஸ் ரென்னி மாக்கின்டாஷ். சிவப்பு ஓடு வேண்டாம், சாம்பல் பூச்சும் கற்பலகைக் கூரையும் போதும்; அலங்காரத்தால் அல்ல, கட்டடத்தின் திரட்சியாலேயே அழகு வரட்டும் என்றார் பிளாக்கி. இருவர் மனமும் ஒன்றுபட்டது. 1902இல் தொடங்கிய வேலை 1904இல் முடிந்தது.

மாக்கின்டாஷ் முதலில் செய்த காரியம் எனக்கு மிகவும் பிடித்தது. பிளாக்கி குடும்பம் அப்போது குடியிருந்த வீட்டுக்கே போய், அவர்கள் எப்படி வாழ்கிறார்கள் என்று பார்த்தார். உள்ளறைகளின் வரைபடங்களுக்குச் சம்மதம் கிடைத்த பிறகே வெளிப்புறத்தை வரைந்தார். அதனால்தான் இந்த வீட்டின் சாளரங்கள் வரிசை கட்டி நிற்பதில்லை. உள்ளே எங்கே வெளிச்சம் தேவையோ அங்கே திறக்கின்றன. நூலகம் வாசலை ஒட்டியே இருக்கிறது. அலுவல் பேச வருகிறவர்கள் வீட்டின் நடுப்பகுதிக்குள் நுழைய வேண்டியதில்லை. இருண்ட மரத்தாலான கூடத்தைக் கடந்து வரவேற்பறைக்குள் கால் வைத்தால், வெண்மையும் ரோஜாக்களும். சாளர மாடத்தின் இருக்கை கோடைக்கு. கணப்படுப்பின் ஓரம் குளிர்காலத்துக்கு. கணப்புக்கு மேலே ‘உறங்கும் இளவரசி’, மாக்கின்டாஷின் மனைவி மார்கரெட் மக்டொனால்ட் 1908இல் வெண்சாந்தில் வார்த்த ஓவியப் பலகை. மாடியில் வெள்ளைப் படுக்கையறை. அங்கே ஏணிபோல் முதுகு உயர்ந்த கறுப்பு நாற்காலி. உட்காருவதற்கென்பதைவிட, அந்த வெண்மைக்கு ஒரு கறுப்புக் கோடு வேண்டுமென்றே வைத்தது என்று தோன்றுகிறது.

வெளியே வந்தால்தான் வீட்டின் நோய் தெரியும். கோபுரம்போன்ற மூலைகள், கூம்புக் கூரை என்று பழைய ஸ்காட்டிய கோட்டை வீடுகளை நினைவூட்டும் உருவம் இது. ஆனால் அந்த வீடுகள் மேனி மூச்சுவிடும் சுண்ணாம்புக் காரை பூசிக்கொண்டவை. மாக்கின்டாஷ் பூசியது அன்றைய புதுப்பொருளான போர்ட்லண்ட் சிமென்ட். சுவர் ஒரே கல்லில் செதுக்கியதுபோல் தெரிய வேண்டும் என்பதற்காக, சுவர்த் தலையில் மூடுகல் வைக்கவில்லை; தண்ணீரைச் சுவரிலிருந்து தள்ளிச் சொட்டவைக்கும் விளிம்புகளையும் பல இடங்களில் விட்டுவிட்டார். மழை ஓயாத கரையில்! இறுகிய சிமென்ட் மயிரிழையாக வெடித்தது. வெடிப்பு வழியே புகுந்த நீர் வெளியேற வழியில்லாமல் சுவருக்குள்ளேயே தங்கியது. நூறு ஆண்டுகளுக்கு மேலாக, கொஞ்சம் கொஞ்சமாக, வீடு மழையைக் குடித்தது.

1982இல் பொறுப்பேற்ற ஸ்காட்லாந்து தேசிய அறக்கட்டளை தொடர்ந்து பழுதுபார்த்தும் ஈரம் அடங்கவில்லை. மிக உயர்ந்த ‘ஏ’ பிரிவில் பட்டியலிடப்பட்ட கட்டடம். பூச்சை உரித்து வேறு தோல் போர்த்துவது எளிதில் எடுக்கும் முடிவல்ல. மாக்கின்டாஷ் தீட்டிய வெளித்தோற்றத்தைக் காப்பதா, உள்ளே அவர் இழைத்ததைக் காப்பதா? அவருடைய கிளாஸ்கோ கலைப்பள்ளி 2014இலும் 2018இலும் எரிந்த பிறகு, இந்த வீட்டின் ஒவ்வொரு மரச்சட்டமும் இன்னும் அருமையாகிவிட்டது.

2019இல் கூண்டு எழுந்தது. வடிவமைத்தது கார்மொடி குரோர்க் என்ற கட்டடக்கலை நிறுவனம். மேலே கூரை, சுற்றிலும் 3 கோடிக்கு மேற்பட்ட எஃகு வளையங்களைக் கோத்த வலை. பெருமழையைத் தடுத்து, காற்றை மட்டும் தாராளமாக விடுகிறது. ஈரத்துணியைத் தாழ்வாரத்தில் கொடி கட்டி உலர்த்துவதுபோலத்தான். என்றாவது கழற்றிவிடலாம் என்ற எண்ணத்தோடே நிறுத்தியது.

கூண்டுக்குள் நடைபாலங்கள் வீட்டைச் சுற்றி ஏறிக் கூரைக்கு மேலேயும் போகின்றன. தலைக்கு மேல் மழை கூரையில் அடிக்க, கீழே புகைபோக்கிகளும் கற்பலகைகளும் கைக்கெட்டும் தூரத்தில். வலைக்கு அப்பால் கிளைட் கழிமுகம் நனைந்துகொண்டிருக்க, வீடு உலர்ந்துகொண்டிருக்கிறது.